வேலையாளின் பகுத்தறிவு

யூனிட்டேரியன் கிறிஸ்தவம் என்று பேச்செடுத்தால் போதும், 'அது பாஸ்டன் கனவான்களின் மதமாச்சே' என்று நம் தோழர்கள் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்கக் காரணமும் உண்டு. திரித்துவத்தை மறுத்து, வேதத்தையும் பகுத்தறிவு கொண்டே வாசிக்க வேண்டும் என்று 1819இல் பால்டிமோரில் பிரசங்கித்த சானிங், அடிமைமுறைக்கு எதிராக ஒரு நூல் எழுத 1835 வரை ஆயிற்று. அவர் சபைகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பருத்தியில் பணம் பார்த்தவர்களும் இருந்தார்கள். (தப்பிவந்த அடிமைகளை வீட்டில் ஒளித்துவைத்த தியோடர் பார்க்கரை மறக்கவில்லை. அவரைச் சக போதகர்களே தங்கள் பிரசங்க மேடையில் ஏற்றாமல் ஒதுக்கினார்கள்.)

ஆனால் இந்த வரலாற்றை லண்டன், பாஸ்டன் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கு வசதி?

1791 ஜூலையில் பர்மிங்காமில், திருச்சபைக்கும் மன்னருக்கும் ஜே போட்டுக்கொண்டு வந்த கும்பல் ஜோசப் பிரீஸ்ட்லியின் வீட்டை, நூலகத்தை, ஆய்வுக்கூடத்தை நாசமாக்கியது. 1794இல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மறுவருஷம், 1795இல், அவருடைய எழுத்துகளை வாசித்திருந்த ஒரு தமிழர் சென்னையில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்குகிறார். திருவேங்கடமாகப் பிறந்த வில்லியம் ராபர்ட்ஸ். இங்கிலாந்துக்கு வேலையாளாகப் போய்த் திரும்பியவர். எந்த மிஷனும் அவரை அனுப்பவில்லை. 1813இல் புரசைவாக்கத்தில் ஆலயமும் எழும்பியது. திரித்துவத்தை மறுப்போர் மீதான தண்டனைச் சட்டத்தை இங்கிலாந்தே அந்த 1813இல்தான் நீக்கியது!

ராபர்ட்ஸின் கடிதங்கள் லண்டனில் அச்சாயின. அங்குள்ளவர்களுக்கு அவர் ஒரு சாட்சி: பாருங்கள், எங்கள் கோட்பாடு சுதேசிக்குக்கூடப் புரிகிறது. இந்த 'கூட'வில்தான் காலனியம் இருக்கிறது. தட்டேந்தி நிற்க வேண்டியவன் எஜமானின் மதத்துக்குள் நடந்த சண்டையை வாசித்து, அதில் தோற்றுக்கொண்டிருந்த பக்கத்தைத் தானே தேர்ந்தெடுத்தான் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. நம் கணக்கிலும் வரவில்லையே! பகுத்தறிவு என்றால் மேலிருந்து கீழே சொட்டுவது என்று நாமும்தானே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதற்காக அவரைப் புரட்சிக்காரர் ஆக்கிவிட வேண்டியதில்லை. கடவுள் ஒருவரே என்று ஒப்புக்கொண்ட எத்தனையோ பேர் பந்தியில் இலையைத் தள்ளிப்போட்டவர்கள்தான். ஆனால் இயேசுவை மனிதர் என்று சொன்ன மறுகணம், சிலுவை ஓர் அரசு செய்த கொலையாகிவிடுகிறது. சானிங்கின் வட்டம் அதை நற்குணப் பாடமாக்கிக்கொண்டது. புரசைவாக்கத்தில் அதை எப்படி வாசித்தார்கள்? தமிழில் பிரசங்கம் நடந்த சபை அது. இந்தக் கேள்வியைத் தமிழ் படித்த நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.