அலைவரிசை எட்டும் தூரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கி.மீ. இன்னும் கொஞ்சம் மதுரைப் பக்கம் போனால் கிருஷ்ணன்கோவில். ராஜூக்கள் கல்லூரி, ராம்கோ பொறியியல் கல்லூரி, கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று இந்த வட்டாரத்திலேயே ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கிறார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு இன்னிசைக் கச்சேரி நடக்கிறது, கல்லூரி விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வருகிறது. இரண்டிலும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடும் ஓர் இளம் குழுவை இந்த ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்ப்பது அரிது. அதற்கான காரணத்தை வானொலிக்கும் மேடைக்கும் உள்ள உறவில் தேடலாம்.

படத்தில் வராத பாட்டு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1970களில் தென்மாவட்டத்து டீக்கடைகளில் ஒலித்தது இலங்கை வானொலி. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டி வந்தது போலவே ஈழத்துப் பொப் பாடல்களும் வந்தன. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டும் பைலாத் தாளமும் கிதாரும் பேச்சுமொழியும் கலந்து பிறந்தவை. ‘சுராங்கனி’ பிற்பாடு தமிழ்ப் படத்துக்குள்ளேயே போனது. ஆனால் பாடியவர்கள் அக்கரையில் இருந்தார்கள். இங்கே காது நிறைந்தது, கண் நிறையவில்லை.

காதும் கண்ணும் ஒரே ஊரில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஏதென்ஸ் சாட்சி. ஜார்ஜியா மாநிலத்துக் கல்லூரி நகரம் அது. 1980 ஏப்ரல் 5 அன்று, பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் ஆர்.இ.எம். குழு முதன்முதலாக வாசித்தது. பெரிய வானொலிகள் கண்டுகொள்ளாத காலத்தில் மாணவர் நடத்திய கல்லூரி வானொலிகள் அவர்களுடைய இசைத்தட்டுகளை ஊர் ஊராக ஒலிபரப்பின. வானொலி முன்னே போய் விதைத்தது; குழு பின்னே வண்டியில் போய் அறுத்தது.

நம் நாட்டில் கல்லூரி வானொலிக்கான கதவு 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் திறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன: ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்து மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும்.

100 வாட் அலை ஏறக்குறைய 10 கி.மீ. போகும். இதைப் பலரும் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதுவே பெரும் பேறாகத் தெரிகிறது. கொடைக்கானல் மலை மேலிருந்து 100.5இல் வரும் கோடைப் பண்பலை பல மாவட்டங்களைத் தொடுகிறது. ஆனால் தேனி நேயரும் ராஜபாளையம் நேயரும் ஒரே பந்தலில் கூட முடியாது. சின்ன வானொலி எட்டும் தூரமோ, கேட்டவர் சாயங்காலம் பைக்கில் வந்து சேரக்கூடிய தூரம். அலை போய் முடியும் இடத்திலிருந்து ஆள் வந்துவிடலாம்.

குழுக்களுக்கும் பஞ்சமில்லை. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல் மேடை ஏறியபோது பறையும் சட்டியும் கிதாரும் ஒன்றாக முழங்கின. ‘மார்கழியில் மக்களிசை’ விழா 2021 டிசம்பரில் மதுரைக்கும் வந்தது. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். அந்த இரண்டு மணி நேரத்தைக் குழுக்கள் தாண்டிவர, இங்கே முன்கூட்டியே கேட்டுவைத்த காதுகள் வேண்டும்.

அந்தக் காதுகளைக் கல்லூரி வானொலிதான் உருவாக்க முடியும். விடுதி அறையில் கிதார் பழகும் மாணவியையும், பொங்கலுக்கு உறுமி அடிக்கும் கலைஞரையும் ஒரே ஒலிப்பதிவு அறையில் உட்கார வைக்கட்டும். பிறந்த பாட்டை ஒரு வாரம் ஒலிபரப்பட்டும். சனிக்கிழமை மாலை அதே பாட்டு கல்லூரித் திறந்தவெளியில் மேடை ஏறட்டும். முதல் வரியைக் குழு எடுக்கும்போது இரண்டாம் வரியைக் கூட்டம் பாடும்.