அத்துவிதமும் உளநோய் மருத்துவமும்

'இரண்டன்மை' என்னும் உண்மை வீடுபேற்றை நாடுவார்க்கு மட்டும் உரியதோ, அன்றி அன்றாட வாழ்விற் பட்டு நலிவார்க்கும் மருந்தாமோ என்னும் வினா மேனாட்டு உளநோய் மருத்துவரிடையே எழுந்துளது. அதற்கு விடை கூறப் புகுந்த நூல்களுள் ஒன்று 'தி சேக்ரட் மிரர்'. புனிதக் கண்ணாடி என்பது அப்பெயரின் பொருள். ஜான் பிரெண்டர்காஸ்ட், பீட்டர் ஃபென்னர், ஷீலா கிறிஸ்டல் என்னும் மூவர் தொகுத்த இக்கட்டுரைக் கோவை 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அத்துவிதம் என்னும் சொல்லின் பொருளை நுணுகி ஆராய்ந்த மரபினராகிய சைவர், இந்நூலின் குணமும் குற்றமும் நாடுதல் பயனுடைத்தாம்.

நூற்பெயரிலேயே நூற்கருத்து அடங்கியுளது. உளப்பகுப்பு முறையைக் கண்ட சிக்மண்ட் பிராய்டு, 1912-இல் மருத்துவர்க்கு எழுதிய அறிவுரைகளில், மருத்துவன் தன் உள்ளத்தைப் புலப்படுத்தாது, நோயாளி காட்டியதையே திருப்பிக் காட்டும் கண்ணாடி போல இருத்தல் வேண்டும் என்றனர். இந்நூலார் அக்கண்ணாடிக்கு மேலும் ஒரு கடமையை ஏற்றுகின்றனர். நோயாளியின் அச்சத்தையும் வெகுளியையும் மட்டுமன்றி, அவற்றின் அடியிற் கலங்காது நிற்கும் அறிவையும் அது காட்டுதல் வேண்டும். அங்ஙனங் காட்டுதற்கு மருத்துவன் தானே அவ்வறிவில் அமைந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கற்ற முறையினும் கற்றவன் நிற்கும் நிலையே பிறர்க்குப் பயன்படும் என்னும் இக்கூற்றைக் குருவின் பெருமை உணர்ந்தார் எவரும் மறுக்கார்.

நூலின் மற்றொரு சிறப்பு, தன் கொள்கைக்கு நேரக்கூடிய கேட்டினைத் தானே எடுத்துரைக்கும் கட்டுரையும் அதன்கண் இடம் பெற்றிருப்பதாம். அதனை எழுதியவர் ஜான் வெல்வுட் என்னும் உளநூலறிஞர், 2019-இல் மறைந்தார். மனத்திற் கிடக்கும் பழம்புண்ணை ஆற்றாது, ஆன்மிகச் சொற்களைப் பற்றிக்கொண்டு அதனைச் சுற்றிக் கடந்து போக முயலும் குற்றத்திற்கு 1984-இல் தனிப்பெயர் இட்டவர் அவரே. இருமையும் இருமையின்மையும் ஆகிய இரண்டனையும் மதித்தல் வேண்டும் என்று அவர் இக்கோவையில் வற்புறுத்துகின்றார். நூல் முழுவதும் இத்தெளிவு நிலைபெற்றிருப்பின் குறை கூறுதற்கு இடம் பெரிதும் இராது.

ஆயின், தனித்த 'நான்' என்பதொன்று இல்லை என்னும் கருத்து இக்கோவையிற் பலவிடத்தும் தலைகாட்டுகின்றது. துயருறுவான் ஒருவன் உண்மையில் இல்லையெனின், மருத்துவம் யார் பொருட்டு? மகவை இழந்து அழும் தாயை நோக்கி, 'அழுவார் எவருமிலர்' என்றால் அவள் துயர் தீருமோ? அழுகை நிற்கலாம், புண் ஆறாது. ஆறாத புண்ணின்மேல் ஞானம் என்னும் துணியைப் போர்த்தல் மருத்துவமன்று. தன்னைப் பற்றிய உணர்வே சிதறுண்டு கிடக்கும் கடுநோயாளர்க்கோ இவ்வுபதேசம் நஞ்சாகவும் முடியும். தன்னை முதற்கண் ஒருவனாகத் திரட்டிக் கொண்டவனே பின்னர்த் தன்முனைப்பைக் கைவிடவல்லான் என்று 1980-களில் ஜாக் எங்க்ளர் என்னும் மேனாட்டறிஞரே எச்சரித்ததும் இதுபற்றியே.

இச்சிக்கல் அவிழும் இடம் மெய்கண்டார் அத்துவிதத்திற்குக் கண்ட பொருளாம். அத்துவிதம் என்பது பொருள் ஒன்றே என்பதும் அன்று. மற்றொன்று இல்லை என்பதும் அன்று. இரண்டாய்ப் பிரிந்து நில்லாமையே அது. கண்ணுக்கு ஞாயிற்றின் ஒளி போல உயிருக்கு இறைவன் உடன் நின்று உதவுகின்றான். ஒளி பெற்ற கண் கண்ணாகவே இருக்கின்றது; இல்லாமற் போவதில்லை. உயிர் உள்பொருள், அதன் துன்பமும் உள்ளது, அதனைப் பற்றிய மலமும் வெறும் மயக்க உணர்வன்று, செம்பிற் களிம்பு போல உண்மையாகவே பற்றியது. ஆதலின் 'களிம்பு இல்லை' என்று ஒருமுறை உணர்ந்த துணையானே செம்பு விளங்காது. காயம் எடுத்த பின்னரும் பாண்டத்தில் அதன் மணம் நிற்றல் போல, தெளிவு பிறந்த பின்னரும் வாசனை தாக்கும். தியானத்தில் அமைதியுற்றவன் இல்லத்திற் புகுந்ததும் மனைவி மக்களிடம் சீறுவது இதனாலேயாம். இன்ப துன்பங்கட்கு மரத்துப்போதல் இருவினையொப்பும் ஆகாது.

தமிழ்நாட்டினின்று மேனாடு சென்ற 'நான் யார்?' என்னும் விசாரத்திற்கும் இதனைக் கூட்டியுரைக்க. திருவண்ணாமலையில் 1902-ஆம் ஆண்டளவிற் சிவப்பிரகாசம் பிள்ளை வினவ, இரமண மகரிஷி விடையளித்தனர்; அது 1923-இல் நூலாக அச்சேறியது. அந்நூல் விசாரத்தோடு அமைவதில்லை. குருவருளையும், பாரத்தை இறைவன்பால் ஒப்புவித்தலையும் உடன் கூறுகின்றது. வினாவை மட்டும் கொண்டு அருளை விடுவோர் விளக்கின் திரியை மட்டும் கொண்டு நெய்யை விட்டவராவர்.

இனி, கண்ணாடி என்னும் உவமையையே ஆராய்க. எத்துணைத் தூய கண்ணாடியாயினும் இருளறையில் எதனையும் காட்டாது. காட்டுதற்கு ஒளி வேண்டும். மருத்துவன் கண்ணாடியாகலாம், ஒளி தானே என எண்ணுவானாயின் நோயாளியினும் பெரிய நோயாளி அவனே. அவ்வொளி இறைவன் திருவருள். இந்நூலின் பெருங்குறை அவ்வொளியைப் பெயரிட்டு வணங்காது, அறிவின் இயல்பென்று கூறி அமைதலேயாம்.

அன்றாட வாழ்விற்கு இவ்வுண்மை எங்ஙனம் பயன்படும் என்பதற்குச் சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரமே விடை பகரும். ஞானம் பெற்றவர்க்கும் ஆங்கு விதிக்கப்பட்டது தனித்திருத்தலன்று. அடியார் கூட்டமும் ஆலய வழிபாடுமேயாம். அன்பின்றி நிற்கும் அத்துவித உணர்வு நிலையாது என்பது இதனாற் பெறப்படும். துயருற்றாரின் அருகிருந்து அவர் சொல்லைச் செவிதாழ்த்துக் கேட்கும் மருத்துவனும், தான் அறிந்தோ அறியாமலோ, இவ்வன்பு நெறியின் ஓரத்தில் நிற்பவனே. அவ்வளவிற் புனிதக் கண்ணாடி போற்றத்தக்க நூலாம்; ஒளியை வேறிடத்துப் பெற்றுக்கொண்டு அதனைக் கற்க.