பதினாறின் குரல்

எடப்பாடியில் விசைத்தறிகள் கடகடக்கும் தெருவில் ‘செந்தூரப்பூவே’ ஒலித்தால், காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் நாயகி மயிலுக்காக இதைப் பாடியபோது எஸ். ஜானகிக்கு நாற்பதை நெருங்கிய வயது. கேட்கக் கிடைப்பதோ பாவாடை தாவணிப் பெண்ணின் மனசு. குரலைக் கீச்சாக்கி வயதைக் குறைத்துக்காட்ட அவர் முயலவில்லை. சொல்லின் ஓரத்தில் ஒரு சின்னக் கூச்சம், அடுத்த சொல்லுக்குள் நுழையுமுன் லேசான தயக்கம், பிறகு அடக்கமாட்டாத ஆசை. அவ்வளவில் பதினாறு வந்துவிடுகிறது. இளையராஜாவின் மெட்டும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

இளவயதுப் பாட்டென்றால் துள்ளல்தான் என்று நினைக்கிறோம். பூவிடமும் காற்றிடமும் சேதி கேட்கும் இந்தப் பாட்டு, அந்த வயதின் காத்திருப்பைப் பாடுகிறது. ஜானகிக்கு முதல் தேசிய விருதை இது வாங்கித் தந்தது மிகவும் பொருத்தம்.