கறுக்காத கணுவை எவ்வளவு நம்பலாம்?

புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவிவிட்டதா என்று அறிய ஸ்கேன் பார்க்கும் மருத்துவர்கள் நெடுங்காலம் கணுவின் பருமனையே நம்பினார்கள். எட்டு, பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், இல்லையென்றால் நிம்மதி. ஆனால் சின்னக் கணுவிலும் புற்று குடியிருக்கும். சாதாரணக் கிருமித் தொற்றால் வீங்கிய கணுவும் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்க வந்தது ஃபெரமாக்ஸ்ட்ரான்-10 என்ற மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் துகள். சிரை வழியே மெதுவாக ஏற்றினால் ஒன்று, ஒன்றரை நாளில் அது கணுக்களில் சேர்கிறது. அங்குள்ள மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்க, நல்ல கணு எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துவிடுகிறது. புற்று பிடித்த இடத்தில் அந்தச் செல்கள் இல்லாததால் அது வெளுப்பாகவே நிற்கும். ஆக, மருந்து அடையாளம் காட்டுவது நல்ல திசுவைத்தான். நோயை நாம் ஊகித்துக்கொள்கிறோம். முறையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன.

பலத்துக்குச் சான்று வலுவானது. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரை ஆராய்ந்து 2003-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கணுக்கணுவாகப் பார்த்தபோது சாதாரண எம்.ஆர்.ஐ. புற்றுள்ளவற்றில் 35.4 சதவீதத்தையே பிடித்தது. இரும்புத் துகளுடன் அது 90.5 ஆனது. 2008-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த, 375 பேரைக் கொண்ட ஆய்வு இன்னும் நிதானமானது. நோய் பரவியிருந்தவர்களில் சி.டி. ஸ்கேன் 34 சதவீதம் பேரைக் கண்டது, இரும்புத் துகள் முறை 82 சதவீதம் பேரை. பரவவில்லை என்று அது சொன்னால் 96 சதவீதம் சரி என்பதே ஆதரவாளர்கள் அடிக்கடி முன்வைக்கும் எண். ஆனால் அந்தக் கூட்டத்தில் நோய் பரவியிருந்தவர்களே ஏறத்தாழ 16 சதவீதம்தான். யாரையும் பரிசோதிக்காமல் எல்லோருக்கும் பரவவில்லை என்று சொல்லியிருந்தாலும் 84 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! பயன் நிச்சயம் உண்டு. 96 என்ற எண் தோற்றுவிக்கும் அளவுக்கு இல்லை.

நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் சி.டி.யில் 97 சதவீதமாக இருக்க, இதில் 93 ஆகக் குறைந்ததும் தற்செயல் அல்ல. மேக்ரோபேஜ் இல்லாத எதுவும் வெளுப்பாகத் தெரியும்: கணுவுக்குள் படிந்த கொழுப்பு, பழைய தழும்பு எல்லாம் புற்றைப் போலவே வேடம் போடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2005-இல் இம்மருந்துக்குப் பரவலான அனுமதி தருவதை ஆதரிக்கவில்லை. ஐரோப்பிய விண்ணப்பம் 2007-இல் திரும்பப் பெறப்பட்டது. நல்ல கருவியை அதிகாரிகள் கொன்றுவிட்டார்கள் என்ற புலம்பல் எனக்கு ஒப்பவில்லை. ஓர் உறுப்பின் புற்றில் ஓங்கி நிற்கும் சான்றைக் கொண்டு எல்லாப் புற்றுக்கும் உரிமை கேட்டால் மறுப்பதுதான் முறை.

புராஸ்டேட் புற்றில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடும் பெட் ஸ்கேன் வந்தபின் இது எதற்கு என்று கேட்கலாம். அந்த ஸ்கேன் நோயையே நேரடியாக ஒளிரச் செய்கிறது என்பது பெரிய அனுகூலம். ஆனால் சில மில்லிமீட்டர் அளவுள்ள கணுக்களில் அது தடுமாறுகிறது. அந்தப் புரதத்தைக் காட்டாத புற்றுகளுக்கோ உதவாது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஃபெரமாக்ஸ்ட்ரானைக் கைவிடாமல் தொடர்ந்ததன் நியாயம் இந்த இடைவெளியில் இருக்கிறது. ஒரே சந்திப்பில் முடியாமல் மருந்துக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு மறுநாள் என்று நோயாளியை அலைக்கழிக்கும் இம்முறையை, முடிவு சிகிச்சையை மாற்றக்கூடியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவர்களிடமும் வெளுத்த கணுவை ஊசியாலோ அறுவையாலோ உறுதிசெய்த பின்னரே புற்று என்று எழுத வேண்டும்.