ஓவியர் எழுதும் உரை

மூலநூலைப் படிப்போர் சிலர். உரையைப் படிப்போர் பலர். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நூலையே படித்ததாக எண்ணிக்கொள்வோர் மிகப் பலர். இம்மூன்றாம் வகையினருள் நானும் ஒருவனாக இருந்தேன். அதைச் சொல்ல நாணமாக இருப்பினும், சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்க இயலவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கிரேக்கப் புராணக் கதையொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாண்டோரா என்னும் முதற்பெண் ஒரு பெட்டியைத் திறக்க, உலகத்துத் துன்பங்களெல்லாம் வெளியே பறந்தன என்பது கதை. ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அது பெட்டி இல்லை, பெரிய சாடி என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்," என்றாள். நான் கையிலிருந்த பழைய கதைநூலை உயர்த்தி, "இதோ பார், படத்திலேயே பெட்டி இருக்கிறதே!" என்றேன். பிள்ளை அமர்ந்துவிட்டாள். வகுப்பும் அடங்கிவிட்டது.

பின்னர் ஹெசியட் என்னும் பழங்கிரேக்கப் புலவரின் நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோதுதான் அவள் சொன்னதே சரி என்று கண்டேன். நான் அறியாமல் பிழை சொன்னது சிறிய குற்றம். படத்தைச் சான்றாகக் காட்டி ஒரு கேள்வியை அடக்கியது பெரிய குற்றம். நூலில் வரும் படம் எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்று ஆராயும் எண்ணம் அன்று தொடங்கியது. கதைநூல்களில் படம் பெருகிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஆதலின் அக்காலத்துச் சில நூல்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

படமும் ஓர் உரையே

நூலுக்குப் படம் எழுதும் ஓவியரை ஓர் உரையாசிரியர் என்றே நான் கருதுகிறேன். உரையாசிரியர் மூலத்தை விளக்குகிறார், விரிக்கிறார், சிற்சில இடங்களில் வலிந்து பொருள் கொள்கிறார். ஓவியரும் இவை அனைத்தையும் செய்கிறார். ஆனால் இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஐயமான இடத்தில் உரையாசிரியர் 'போலும்' என்பார். 'என்பாரும் உளர்' என்பார். படத்துக்கு இச்சொற்கள் இல்லை. பெட்டியை வரைந்தால் அது பெட்டிதான். சாடியாகவும் இருக்கலாம் என்று கோடு சொல்லாது.

பாண்டோராவையே பார்ப்போம். ஹெசியட் கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்தவர். அவர் நூலில் வருவது 'பிதோஸ்'. தானியமும் எண்ணெயும் மதுவும் சேர்த்துவைக்கும் பெரிய மட்கலம் அது. நம் சொல்லில் தாழி எனலாம். 1508ஆம் ஆண்டில் எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் தம் பழமொழித் தொகுப்பில் இக்கதையை இலத்தீனில் கூறியபோது, 'பிதோஸ்' இருந்த இடத்தில் சிறு பேழையைக் குறிக்கும் 'பிக்ஸிஸ்' என்ற சொல்லை அமைத்தார். டோரா பனோஃப்ஸ்கி, எர்வின் பனோஃப்ஸ்கி இணையர் 1956இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தின் வரலாற்றைத் தெளிவாக ஆராய்ந்துள்ளனர்.

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்ன் 1851இல் சிறுவர்க்காக வெளியிட்ட கிரேக்கக் கதைநூலிலும் பெட்டியே வருகிறது. அவர் பாண்டோராவையும் எபிமெதியூஸையும் குழந்தைகளாகவே ஆக்கிவிட்டார். அந்நூலுக்கு 1892இல் வால்டர் கிரேன் வண்ணப் படங்கள் எழுதினார். பெட்டியைக் கண்டு வியக்கும் பாண்டோரா, திறக்க ஏங்கும் பாண்டோரா, திறந்துவிட்ட பாண்டோரா என்று அவர் படங்கள் செல்கின்றன.

தாழியானால் என்ன, பெட்டியானால் என்ன என்று கேட்கலாம். கதையின் பொருளே அதில் அடங்கியிருக்கிறது. தாழி வீட்டில் நாள்தோறும் திறந்து மூடும் கலம். பெட்டியோ மறைபொருளைக் காப்பது. பூட்டும் தடையும் ஆவலும் அதனோடு கூடவே வருகின்றன. ஹெசியடின் நூலில் பாண்டோராவுக்குத் 'திறவாதே' என்ற கட்டளை ஏதும் இல்லை. தெய்வங்களிடமிருந்து பரிசு வாங்காதே என்ற எச்சரிக்கை எபிமெதியூஸுக்குத்தான் இருந்தது. நெருப்பைத் திருடிய குற்றத்துக்கு விண்ணரசன் சூயஸ் மனிதகுலத்தின்மேல் ஏவிய தண்டனை என்பதே மூலக்கதை. பெட்டி வந்தபின் அது சொற்கேளாத குழந்தையின் கதையாயிற்று.

இதற்காகக் கிரேனைக் குறைகூறுதல் முறையன்று. அவர் உரை எழுதியது ஹாதோர்னுக்கு, ஹெசியடுக்கு அன்று. தம் மூலத்துக்கு அவர் உண்மையாகவே இருந்தார். ஹெசியடுக்கென்றே படம் வரைந்த ஜான் ஃபிளாக்ஸ்மன் 1817இல் வந்த தம் தொகுதியில் சாடியைத்தான் காட்டினார். ஆகவே ஒரு படத்தைக் கண்டதும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இஃது எந்த மூலத்துக்கு எழுந்த உரை?' என்பதே. நான் அதைக் கேட்கவில்லை.

கட்டையும் எழுத்தும்

இப்படங்கள் இவ்வளவு பரவியது எப்படி? முன்னாளில் நல்ல படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டன. பள்ளமான கோடுகளில் மையை நிரப்பித் தனிப் பொறியில் அழுத்தி எடுக்க வேண்டும். எழுத்து ஓர் அச்சு, படம் வேறோர் அச்சு, செலவும் மிகுதி. இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் (1753-1828) மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில், செம்புக்குரிய கூர் உளியைக்கொண்டு செதுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 'பாக்ஸ்' என்னும் மரம் மிக இறுகியது. நுண்ணிய கோட்டையும் தாங்கும். அக்கட்டையை அச்செழுத்துகளின் உயரத்துக்கே அறுத்து, எழுத்தோடு சேர்த்து முடுக்கி, ஒரே அழுத்தில் அச்சிடலாம். படமும் பாடமும் ஒரே பக்கத்தில் குடியேறியது இவ்வாறுதான்.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒருவர் உண்டு. அவர் செதுக்குநர். ஓவியர் கட்டையின்மேல் வரைந்ததைச் செதுக்குநர் வெட்டி எடுப்பார்; வெட்டும்போதே மூல ஓவியம் அழிந்துபோகும். ஆகவே நாம் காணும் படம் பல நேரங்களில் உரைக்கு எழுந்த உரையே ஆகும்.

வெற்றிடத்தின் அழகு

மேலே சொன்ன ஃபிளாக்ஸ்மன் (1755-1826) ஒரு சிற்பி. இளமையில் வெட்ஜ்வுட் மட்கலத் தொழிலகத்துக்கு உருவங்கள் வகுத்துக் கொடுத்தவர். 1787இல் ரோம் நகர் சென்றார். அங்கே ஹோமரின் இலியட், ஒடிசி இரண்டுக்கும் வரைந்த படங்களைப் பிரோலி என்பவர் தகட்டில் செதுக்க, 1793இல் அவை வெளிவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய ஓவியர்க்கு அவை பாடநூலாய் இருந்தன.

அப்படங்களில் நிழல் இல்லை, வண்ணம் இல்லை, பெரும்பாலும் பின்புலமும் இல்லை. பழங்கிரேக்கச் சாடிகளில் உள்ள உருவங்களைப்போல வெறுங்கோடுகளே உள்ளன. போரில் மாண்ட சார்ப்பெடான் என்னும் வீரனின் உடலை உறக்கமும் மரணமும் இரு சிறகுடைய இளைஞராய்த் தாங்கிச் செல்லும் படம் ஒன்று உண்டு. எந்த இடம், எந்த வேளை என்பதற்கு அதில் விடை இல்லை. அதைப் படிப்போனே நிரப்பிக்கொள்கிறான். 'போலும்' என்ற சொல் இல்லாத கலையில், வெற்றிடத்தையே அச்சொல்லாக ஆக்கியவர் ஃபிளாக்ஸ்மன் எனலாம்.

எனினும் குறையும் உண்டு. ஹோமரின் போர்க்களத்தில் குருதி உண்டு, புழுதி உண்டு, உடல் பிளக்கும் ஓசை உண்டு. ஃபிளாக்ஸ்மனின் கோட்டில் இவையெல்லாம் அடங்கிப் பளிங்குச் சிலையின் அமைதி வந்துவிடுகிறது. படங்களை மட்டும் பார்ப்பவன் ஹோமரை மென்மையான புலவர் என்றே எண்ணிவிடுவான். கெத்தேயும் 1799இல் இப்படங்களைப் பற்றி எழுதியபோது, கலையில் முழுப் பயிற்சியற்ற ஆர்வலர்கள் இவரைத் தெய்வமாக்கிவிட்டனர் என்று சற்றுக் கடுமையாகவே குறிப்பிட்டார்.

இருளை நிரப்பியவர்

இதற்கு நேர்மாறானவர் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே (1832-1883). இத்தாலியப் பெருங்கவி தாந்தேயின் நரக காண்டத்துக்கு அவர் வரைந்த படங்கள் 1861இல் வந்தன. செலவை எண்ணிப் பதிப்பாளர் தயங்கவே, டோரே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அச்சேற்றினார். நூல் விரைவிலேயே விற்றுத் தீர்ந்தது. ஃபிளாக்ஸ்மன் விட்டுவைத்த இடத்தையெல்லாம் டோரே பாறையாலும் புகையாலும் இருளாலும் நிரப்பினார். இன்று நரகம் என்றதும் மேல்நாட்டார் பலரின் மனக்கண்ணில் எழுவது டோரேயின் பாறைப் பிளவுகளே.

இடத்தைக் காட்டுவதில் அவருக்கு நிகரில்லை. ஆனால் தாந்தேயின் பெருமை இடத்தில் மட்டும் இல்லை, பேச்சில் இருக்கிறது. அவருடைய நரகத்தில் ஒவ்வொரு பாவியும் தன் கதையைத் தன் வாயால் சொல்கிறான். டோரேயின் படங்களிலோ பல இடங்களில் பாவிகள் பெருங்கூட்டமாகி, முகமிழந்து, பாறையோடு பாறையாய்க் கலந்துவிடுகின்றனர். மூலத்தில் மனிதன் பெரியவன். உரையில் மலை பெரியது.

ஆயினும் ஓரிடத்தில் டோரேயின் அறிவைப் போற்றவேண்டும். உகோலினோ என்னும் பிரபு தன் பிள்ளைகளோடு கோபுரச் சிறையில் பட்டினியால் மாண்ட கதையைச் சொல்கிறான். இறுதியில் பசி தாங்காமல் அவன் பிள்ளைகளின் உடலை உண்டானா, அல்லது பசியால் தானும் மாண்டானா என்பது இரு பொருள்படும்படி நிற்கிறது. உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளாக வாதிட்ட இடம் அது. டோரே பிள்ளைகள் மாண்டுகிடக்கும் சிறைக்கூடத்தோடு நின்றுவிட்டார். சிறைக்குள் அதற்குமேல் நடந்ததாக எதனையும் வரையவில்லை. புலவர் மூடிவைத்ததை ஓவியர் திறக்கவில்லை. நல்ல உரைக்கு இதுவே அடையாளம்.

புலவரும் வரலாறும்

உரை தவறும்போது மூல ஆசிரியரே எழுந்து கேட்டால் எப்படி இருக்கும்? அப்படியும் நடந்ததுண்டு. 1857இல் டெனிசனின் கவிதைகள் படங்களோடு வெளிவந்தன. சாலட் தீவுச் சீமாட்டியின் கவிதைக்கு ஹோல்மன் ஹண்ட் வரைந்த படத்தில், அவள் கூந்தல் சுழற்காற்றில் அகப்பட்டதுபோல் பறக்கிறது. நெய்த நூல் உடலைச் சுற்றிக்கொள்கிறது. நான் இப்படி எழுதவில்லையே என்றார் டெனிசன். உங்களுக்குப் பதினைந்து பக்கம் இருந்தது, எனக்கு அரைப்பக்கந்தான் இருந்தது என்ற கருத்துப்பட ஹண்ட் விடையிறுத்தார். இதனை ஹண்டே 1905இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கவிதை காலத்தில் நடக்கிறது. படம் ஒரு நொடியில் நிற்கிறது. ஊழ் வந்து சூழ்வதை அந்த ஒரு நொடிக்குள் காட்ட, ஹண்ட் நூலையும் கூந்தலையும் துணைக்கொண்டார். சொல்லில் இல்லாததை வரைந்து, கவிதையின் கருத்தைக் காத்தார் என்பது என் முடிவு.

வரலாற்று நூலில் இந்த உரிமை செல்லுமா? பிரஷ்யப் பேரரசர் பிரெடரிக்கின் வரலாற்றைக் கூக்லர் எழுத, அடால்ஃப் மென்சல் சுமார் 400 படங்கள் வரைந்தார் (1840-42). அவருடைய உழைப்பு வியக்கத்தக்கது. படைவீரரின் உடையையும் கருவியையும் பழஞ்சான்றுகளைத் தேடி ஆராய்ந்தபின்பே வரைந்தார். பாரிஸில் செதுக்கப்பட்ட கட்டைகள் தம் கோட்டைச் சிதைத்தன என்று மனங்குறைந்து, ஜெர்மன் செதுக்குநரைத் தம் கைவழிக்குப் பழக்கிக்கொண்டார். எனினும், ஒரு நூற்றாண்டுக்கு முன் மூடிய அறைக்குள் அரசர் எப்படி அமர்ந்திருந்தார், முகத்தில் என்ன இருந்தது என்பதற்குச் சான்று ஏது? பொத்தான் உண்மை, முகபாவம் கற்பனை. இரண்டையும் ஒரே கோடு வரைகிறது. பொத்தானின் உண்மையைக் கண்டு, முகபாவத்தையும் நம்பிவிடுகிறோம். வரலாற்றுப் படத்தில் ஆசிரியர் விழித்திருக்கவேண்டிய இடம் இதுவே.

ஆசிரியர் செய்யத்தக்கது

படமே வேண்டா என்பது என் கருத்தன்று. படமில்லாத பாடநூல் பிள்ளைகளுக்கு உப்பில்லாப் பண்டம். ஆயின் முறை வேண்டும். முதலில் கதையைச் சொல்லுக. அல்லது படிக்கச் செய்க. பின்னரே படத்தைக் காட்டுக. காட்டும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். நூலில் உள்ளவற்றுள் எவை படத்தில் உள்ளன? நூலில் இல்லாத எவை படத்தில் உள்ளன? நூலில் இருந்தும் எவற்றை ஓவியர் விட்டுவிட்டார், ஏன்? இம்மூன்றுக்கும் விடை தேடும் பிள்ளை நூலுக்குத் திரும்பிப் போயே ஆகவேண்டும். நூலுக்குத் திரும்ப வைக்கும் படமே நல்ல படம் என்பது என் அளவுகோல். இன்று கைப்பேசியில் நொடிக்கொரு படம் வந்து விழுகிறது. கணிப்பொறியே கேட்ட படத்தை வரைந்து தருகிறது. ஆகவே இப்பயிற்சி முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகிறது.

ஹெசியடைப் படித்த மறுநாள் காலை அதே வகுப்புக்குச் சென்று, அம்மாணவி சொன்னதே சரி என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். கரும்பலகையில் ஒரு தாழியை வரையச் சொன்னேன். அவள் தன் உயரத்துக்கு ஒரு தாழியை வரைந்துவிட்டு, "மூடியை எப்படி வரைவது, ஐயா? அதைப் பற்றி நூலில் என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். நூலை எடுத்துவந்து, வகுப்போடு சேர்ந்து அப்பகுதியை மீண்டும் படித்தேன்.