சொன்ன சொல்லின் ராணிகள்

பல்லக்கின் திரை விலகுவதற்கு முன்பே நந்தினி கதைக்குள் வந்துவிடுகிறாள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவு. சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். பெரிய பழுவேட்டரையர் தன் இளைய ராணி நந்தினியின் மூடுபல்லக்கோடு வந்திருக்கிறார். கதையின் இளம் வீரன் வந்தியத்தேவன் ஒளிந்து நின்று பார்க்கிறான். திரை விலகும்போது உள்ளே இருப்பது ராணி இல்லை, சோழ சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் மதுராந்தகன். நந்தினி அந்த இடத்திலேயே கிடையாது. ஆனால் அவள் பல்லக்கு என்றால் நாட்டில் ஒருவரும் திரையைத் தொட மாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. முகத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒரு பாத்திரத்தின் அதிகாரத்தைக் காட்டிவிடுகிறார் கல்கி. 1950ல் தொடராக ஆரம்பித்த ‘பொன்னியின் செல்வன்’ எத்தனையோ முறை படிக்கப்பட்டுவிட்டது. எனக்கு இன்றும் உடம்பு சிலிர்ப்பது இந்த இடத்தில்தான்.

பிறகு தஞ்சாவூர்ச் சாலையில் அவளே வருகிறாள். வந்தியத்தேவனுக்குப் பனை இலச்சினை பதித்த மோதிரத்தைக் கொடுக்கிறாள். கோட்டைக் கதவைத் திறக்கிற மோதிரம் அது. உடம்பில் 64 விழுப்புண் சுமந்த பெரிய பழுவேட்டரையர் அவள் முன்னால் சொல் தடுமாறி நிற்கிறார். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் யாருக்கும் அஞ்சாதவன். அவள் பெயரைக் கேட்டால் மட்டும் நிலைகொள்ளாமல் போகிறான்.

கல்கி செய்த நுட்பமான வேலை, நந்தினியை ஒரே கண்ணால் நமக்குக் காட்டாததுதான். ஆழ்வார்க்கடியான் சொல்லும் நந்தினி பாசுரம் பாடிக்கொண்டு வளர்ந்த தங்கை. மாமல்லபுரத்தில் கரிகாலன் சொல்லும் நந்தினி, அவன் இழந்த காதலும் செய்த பாவமும். பழுவேட்டரையரின் நந்தினி கிழட்டு வயதில் கிடைத்த வரம். கரிகாலனின் தங்கை குந்தவைக்கோ அவள் ராஜ்யத்துக்கு வந்த ஆபத்து. ஓவியர் மணியம் அவளுக்கு ஆண்டாள் கொண்டை போட்டு வரைந்தார். பக்தையின் கொண்டை, உள்ளே பழி. இத்தனை பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்த பிறகும் மிச்சம் ஏதோ இருக்கிறது. அந்த மிச்சம்தான் அவளை மறக்க விடாமல் செய்கிறது.

சரித்திரத்தில் அவளுக்கு இடமே இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயர்களைச் சொல்கிறது. நந்தினி என்று ஒருத்தி அதில் கிடையாது. அந்தக் கொலையின் காரணத்தைக் கல்வெட்டிலிருந்து எடுத்து ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்தது கல்கியின் கற்பனை. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் உயிருக்காக அவள் கையேந்திக் கெஞ்சினாள். கரிகாலன் கேட்கவில்லை, தலையை வெட்டினான். அன்று எடுத்த சபதம் அவளைக் கடம்பூர் மாளிகையின் அந்தக் கடைசி இரவு வரை இழுத்துக்கொண்டு போகிறது. மீன் சின்னம் பொறித்த வாளை அவள் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கும் காட்சி நாவலில் வரும்போது ஒன்று கவனித்தேன். அந்த வாள் கரிகாலனை மட்டும் குறிவைக்கவில்லை. அதைப் பிடித்திருக்கும் கையையும் அது விடப்போவதில்லை. நினைத்தால் அவள் சோழ நாட்டின் பாதியை ஆண்டிருக்கலாம். அவளைத் தடுத்தது எந்தப் படையும் இல்லை, அவள் சொன்ன சொல்.

என்னை ஈர்க்கும் இப்படிப்பட்ட பாத்திரங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு குணத்தைப் பார்க்கிறேன். கோபம், குரல், அழகு, அரியணை எல்லாம் அதற்கு அடுத்துத்தான். தான் சொன்ன சொல்லுக்குத் தானே கட்டுப்பட்டு, அதனாலேயே அழிகிறவர்கள் இவர்கள். வேறு யாராலும் இவர்களைத் தோற்கடிக்க முடியாது. தமிழ் மனசுக்கு இது புதிதும் இல்லை. கூந்தலை முடிய மாட்டேன் என்ற பாஞ்சாலியைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். மதுரையை எரித்தவளைக் கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள்.

நந்தினியின் நேர் வாரிசு 1999 ஏப்ரலில் திரைக்கு வந்தாள். ‘படையப்பா’வின் நீலாம்பரிக்கு நந்தினிதான் மூலம் என்று ரஜினிகாந்தே சொல்லியிருக்கிறார். அந்த வேடத்துக்கு முதலில் ஐஸ்வர்யா ராயைக் கேட்க நினைத்தார்களாம். நடக்கவில்லை. இயக்குநர் கே.எஸ்.ரவிகுமார் ரம்யா கிருஷ்ணனைக் கொண்டுவந்தார். 2022ல் மணிரத்னத்தின் படத்தில் ஐஸ்வர்யா ராயே நந்தினியாக வந்து நின்றார். ஆக, நீலாம்பரியாக வராமல் போனவர் நீலாம்பரியின் மூலத்துக்கே போய்ச் சேர்ந்தார். ரசிகனுக்கு இதைவிடத் தித்திப்பான தகவல் கிடையாது.

படையப்பாவில் எல்லோரும் ரஜினியைப் பார்க்கிற இடம் அந்த ஊஞ்சல் காட்சி. நீலாம்பரி நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வந்தவனுக்கு உட்கார இருக்கை கிடையாது. அவன் அண்ணாந்து பார்க்கிறான், தோளில் கிடக்கும் துண்டை வீசி, மேலே ஏற்றிக் கட்டியிருக்கும் ஊஞ்சலை இழுத்து இறக்குகிறான், அவள் எதிரிலேயே கால் மேல் கால் போட்டு அமர்கிறான். தியேட்டர் அதிர்ந்தது. ஆனால் அந்தக் கைதட்டலில் பாதி ரம்யா கிருஷ்ணனுக்குச் சேர வேண்டியது. அவர் அந்த நாற்காலியில் அப்படி உட்கார்ந்திராவிட்டால் ஊஞ்சல் இறங்கியதற்கு ஒரு மதிப்பும் இல்லை. முதுகு நிமிர்ந்து, முகவாய் ஒரு விரல்கடை உயர்ந்து, இமைகள் பாதி தாழ்ந்து இருக்கிறார். எதிரில் இருப்பவனைப் பார்ப்பதே ஒரு சலுகை என்கிற மாதிரியான பார்வை. கைகளை அவர் வீணாக அசைப்பதே இல்லை. எதிர்நாயகன் சிறுத்துப் போனால் நாயகனும் சிறுத்துப் போவான். அன்று ரஜினியின் உயரத்தை அளந்து காட்டியது அந்த நாற்காலி.

நீலாம்பரியின் இன்னொரு குணத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. அவள் ரசிகை. வயது ஏறியும் அவன் அழகும் ஸ்டைலும் குறையவில்லை என்று பகைவனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். பகையும் ஆசையும் கலந்த அந்தப் பாராட்டைப் பொறாமை பிடித்த சாதாரண வில்லியால் சொல்ல முடியாது. அவன் வேறொருத்தியை மணந்தான் என்றதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 18 ஆண்டுகள் இருந்தவள் அவள். அந்த 18 ஆண்டுகளைப் படம் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு நல்ல நாவலாசிரியர் அந்த அறைக்குள் போயிருந்தால் முந்நூறு பக்கம் எழுதியிருப்பார்.

முடிவில் மாட்டின் பாய்ச்சலிலிருந்து அவளை அவனே காப்பாற்றுகிறான். அவன் போட்ட உயிர்ப்பிச்சையில் வாழ மாட்டேன் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாள், அடுத்த பிறவியிலும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு. அழுது மன்னிப்புக் கேட்டு நாயகன் காலில் விழும் வில்லிகளையே பார்த்துப் பழகியிருந்த நமக்கு இது பெரிய அதிர்ச்சி. மன்னிக்கப்பட மறுத்த அவளை ரசிகர்கள் மறக்கவில்லை. அன்று திரையில் நீலாம்பரி முகத்தைப் பார்த்துச் செருப்பை வீசியவர்களின் பிள்ளைகள் இன்று அவள் வசனங்களை ரீல்ஸாகப் போட்டுக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். படையப்பாவில் நீலாம்பரி வீட்டில் வேலை செய்யும் வசுந்தராவாக வருகிறவர் சௌந்தர்யா. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு 1995ல் கோடி ராமகிருஷ்ணாவின் ‘அம்மோரு’ தெலுங்கில் வந்தது. தமிழில் ‘அம்மன்’ என்ற பெயரில் ஓடு ஓடென்று ஓடிய படம். அதில் சௌந்தர்யா பக்தை, ரம்யா கிருஷ்ணன் அம்மன். சாமியாக நின்று காத்தவர், அடுத்து எஜமானியாக நின்று மிரட்டுகிறார். அந்த இரண்டு முகத்துக்கும் ஒரே கண்கள். ‘ராஜகாளி அம்மன்’ மாதிரியான படங்களில் அவர் விழியை உருட்டி நின்றதை மலிவான பக்திப்படம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அசையாமல் நின்று ஒரு சட்டகத்தை நிறைக்கும் வித்தையை அவர் பழகிய இடம் அந்தப் பீடம்தான் என்பது என் துணிபு.

அந்த வித்தையின் உச்சம் சிவகாமி தேவி. 2015 ஜூலையில் வந்த ‘பாகுபலி’யின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதுகில் அம்பு தைத்திருக்கிறது, கையில் பச்சைக் குழந்தை. துரத்தி வந்த வீரர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு ஆற்றில் இறங்குகிறாள். வெள்ளம் இழுக்கிறது. தன் உயிரை எடுத்துக்கொண்டு இந்தக் குழந்தையை விட்டுவிடு என்று சிவனிடம் பேரம் பேசுகிறாள். அது கெஞ்சல் இல்லை, அந்த நிலையிலும் கட்டளை மாதிரிதான் ஒலிக்கிறது. உடம்பு முழுக்க நீருக்குள் போன பிறகும் குழந்தையை ஏந்திய ஒரு கை மட்டும் மேலே நிற்கிறது. மலைவாசிகள் குழந்தையை எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கை அருவியின் பக்கம் விரல் நீட்டிவிட்டு மறைகிறது. முகமும் வசனமும் இல்லாமல் ஒரு கையால் நடித்த காட்சி அது. நாம் முதலில் பார்ப்பது அவள் வாழ்க்கையின் கடைசி நிமிடம் என்பது பிறகுதான் புரிகிறது. அவள் ஏன் அந்த ஆற்றில் இறங்க நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள நாடே 2017 ஏப்ரல் வரை காத்திருந்தது.

அரசவையில் கலகக்காரனைக் குத்திச் சாய்த்துவிட்டு இரண்டு குழந்தைகளையும் சேர்த்து ஏந்தும் சிவகாமியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குப் பிடித்தது இரண்டாம் பாகத்தின் தொடக்கம். தலையில் தீச்சட்டியோடு வெறுங்காலில் நடக்கிறாள். நடை நிற்கக் கூடாது. மதம் பிடித்த யானை எதிரே ஓடி வருகிறது. கூட்டம் சிதறுகிறது. அவள் அடி பிசகவில்லை. பாகுபலி தேரைத் தள்ளிக்கொண்டு வந்து யானையை மறிக்கிறான். கைதட்டல் பாகுபலிக்குத்தான். ஆனால் நான் பார்ப்பது சிவகாமியின் பாதங்களை. நிற்கவே தெரியாத அந்த நடைதான் பிறகு அவளைக் கவிழ்க்கிறது. தேவசேனையைத் தன் மகன் பல்லாளனுக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். தேவசேனை விரும்புவது பாகுபலியை என்ற உண்மை தெரிய வந்தபோதும் வாக்கிலிருந்து இறங்க முடியவில்லை. அரசவையில் தேவசேனை எதிர்த்துக் கேட்கும் கேள்விகளில் நியாயம் இருப்பது சிவகாமிக்கும் தெரிகிறது என்றுதான் அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பாகுபலியைக் கொல்லக் கட்டப்பாவுக்கு அவள் இட்ட கட்டளை மகிழ்மதி நாட்டையே சாய்த்துவிடுகிறது. தப்பு தெரிந்தபின் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பேரக் குழந்தையைத் தூக்கிக் காட்டி அரசன் இவன்தான் என்று அறிவிக்கிறாள். அதுவும் ஒரு கட்டளை. அதைக் காப்பாற்றத்தான் ஆற்றில் இறங்குகிறாள்.

இரண்டு படத்திலும் ரம்யா கிருஷ்ணனுக்கு ஈடுகொடுத்தவர் நாசர். படையப்பாவில் அண்ணன், பாகுபலியில் கணவன் பிஜ்ஜலதேவன். அவள் நிழலில் புழுங்கும் ஆண்களாக இரண்டு முறை நின்று, அவள் உயரத்தை நமக்குக் காட்டிக் கொடுத்த கலைஞர். இந்த மாதிரி துணை நிற்பதற்கு விருது கொடுக்கும் வழக்கம் இருந்தால் என் ஓட்டு அவருக்கு.

நடுவில் சின்னத்திரை. சன் டிவியில் ‘தங்கம்’, பிறகு ‘வம்சம்’ என்று 2009லிருந்து 2017 வரை வீடுகளின் கூடத்தில் ரம்யா கிருஷ்ணன் இருந்தார். அவர் வந்து நின்றால் காட்சி நிமிர்ந்தது, உண்மை. ஆனால் தினத்தொடரின் தேவை வேறு. நேற்று எடுத்த சபதத்தை இன்று மறக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை அடுத்த வாரத்துக்கு நகராது. இன்றைய தொடர்களின் வில்லிகள் மூன்று முறை கேமரா நெருங்கி, மூன்று முறை இடி இடித்தும் நம்மைப் பயமுறுத்தாததற்குக் காரணம் நடிப்பு இல்லை. அவர்கள் சொல்லுக்கு விலை இல்லை. 2019ல் வந்த ‘குயின்’ இணையத்தொடர் அந்த நெருக்கடியிலிருந்து தப்பியது. சக்தி சேஷாத்ரியாக அவர் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்லும்போது பழைய நாற்காலி நினைவுக்கு வந்தது.

அதே 2019ல் தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’. இதில் பட்டும் இல்லை, கிரீடமும் இல்லை. ஒரு காலத்தில் ஆபாசப் படத்தில் நடித்த லீலா, அது தெரிந்து கொதித்துப்போன மகன். குத்துப்பட்ட மகனைச் சுமந்துகொண்டு, கையில் பணமில்லாமல் மருத்துவமனைக்கு ஓடும் தாயாக அவர் மூச்சிரைக்கிறார். தலை கலைந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது. நீலாம்பரியின் நிமிர்வு அங்கேயும் இருக்கிறது, தான் செய்ததை மறைக்கவோ மகனிடம் பொய் சொல்லவோ அவள் தயாராக இல்லாத இடத்தில். எனக்கு இது சிவகாமிக்குச் சமமான பாத்திரம்.

2023ல் ‘ஜெயிலர்’ படத்தில் ரஜினியும் அவரும் மறுபடி சேர்ந்தார்கள். நாயகனின் மனைவி வேடம், கவலைப்படுவதற்கென்று சில காட்சிகள். அவ்வளவுதான். இப்படி ஒரு கலைஞரைக் கையில் வைத்துக்கொண்டு நம் சினிமா இதைத்தான் எழுதிக் கொடுக்கும் என்றால், குறை எழுத்தில் இருக்கிறது. கதை எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்கியை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஒரு பெண்ணுக்கு முதலில் ஒரு சொல்லைக் கொடுங்கள், கடைசிவரை அதை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். நடிக்க ஆள் இருக்கிறார்.