‘நேச்சர்’ என்னும் சொல்லும் சங்கச் செய்யுளும்

சங்கப் புலவர்தம் இயற்கை வருணனையை ஆராய்க என்னும் வினா தமிழ் மாணாக்கர்க்குப் பழகிய ஒன்று. அதற்குரிய விடையும் பழகியதே. குறிஞ்சியின் அருவி, முல்லையின் கார்முகில், நெய்தலின் கழி என ஓர் அட்டவணை வகுக்கப்படும். ஈற்றில் வேர்ட்ஸ்வேர்த் என்னும் ஆங்கிலக் கவிஞரின் பெயர் ஒப்புமைக்கு வந்து நிற்கும். இவ்வினாவிலுள்ள ‘இயற்கை’ தமிழ்ச் சொல்லே. ஆயின் அங்கு அது தரும் பொருள் ‘நேச்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லிடம் கடன்பட்டது. அக்கடனுக்கு வட்டி செலுத்தி வருவது சங்கச் செய்யுள்.

கடன் கொடுத்த சொல்லோ ஒரு பொருளில் நிலைத்து நிற்பதன்று. லவ்ஜோய், போவாஸ் என்னும் அறிஞர் இருவரும் 1935 இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கை ஒன்று அதற்கு 66 பொருள்களை வகுத்துக் காட்டுகின்றது. அதன் மூலமாகிய இலத்தீன் சொல் பிறத்தல் என்னும் வினையடியாக வந்தது. அவ்விலத்தீன் சொல் பெயர்த்துரைத்த கிரேக்கச் சொல்லோ வளர்தல் என்னும் வினையோடு உறவுடையது. பிறந்தபடி இருக்கும் தன்மை என்னும் கருத்தினின்றே ஏனைய பொருள்கள் பல கிளைத்தன.

இக்கிளைகள் ஒன்றோடொன்று மோதுவதைக் காண விரும்புவோர் சேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தை நோக்குக. முறைதவறிப் பிறந்த எட்மண்ட், நேச்சரைத் தன் தெய்வமாக விளிக்கின்றான். அவனுக்கு அது வழக்கத்தையும் சட்டத்தையும் மதியாத வலிமை. அதே அங்கத்தில் லியர் தன் மகளைச் சபிக்கும்போதும் அத்தெய்வத்தையே அழைக்கின்றான். அவனுக்கு அது பெற்றாரையும் பிள்ளைகளையும் பிணிக்கும் அறம். பின்னர், வஞ்சிக்கப்பட்ட குளொஸ்ரர் பிரபு எட்மண்டைப் புகழ வழங்கும் அடைமொழியும் அச்சொல்லின் வழிவந்ததே. தந்தைமேல் இயல்பான அன்புடையவன் என்பது அவர் கருதிய பொருள். முறையற்ற பிறப்பினன் என்பதும் அச்சொல்லுக்கு அக்காலத்து வழங்கிய பொருள். தந்தையின் வாயிலிருந்தே உண்மை அவரறியாது வெளிப்படுகின்றது. இவ்விடங்களிலெல்லாம் ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லை இட்டு மொழிபெயர்ப்பவர் நாடகத்தின் நரம்பையே அறுத்தவராவர். இயல்பு, பாசம், பிறப்பு எனப் பிரித்திடினும் சிலேடை போய்விடும். இரண்டினுள் பின்னைய இழப்பே சிறிது எனலாம்.

போப் 1711 இல் கவிதைத் திறனாய்வு பற்றி எழுதியபோது நேச்சரைப் பின்பற்றுக என்றார். அவர் கருதியது மலையும் மரமும் அல்ல. எங்கும் மாறா ஒழுங்கு. வேர்ட்ஸ்வேர்த் காலத்துக் கவிஞர்க்குப் பின்னரே மலை, காடு, கடல் என்னும் பொருள் இலக்கியப் பேச்சில் மேலோங்கிற்று. தமிழ்த் திறனாய்வுக்கு வந்து சேர்ந்தது பெரிதும் இப்பொருளே.

பிற மொழிகளும் இவ்விடர்ப்பாட்டிற்குத் தப்பவில்லை. யப்பானியர் மெய்ஜி காலத்தில், ‘தானாகவே’ என்னும் கருத்துடைய தம் பழஞ்சொல் ஒன்றை நேச்சருக்கு ஈடாக வழங்கினர். பழைய பொருளும் புதிய பொருளும் ஒரு சொல்லில் கலந்தமையால் அக்கால விவாதங்களிற் பிறந்த குழப்பத்தை யனாபு அகிரா என்னும் அறிஞர் 1982 இல் விளக்கினார்.

தமிழின் நிலையும் அதுவே. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இயற்கைப் பொருளையும் செயற்கைப் பொருளையும் வேறுபடுத்தி, பின்னதை ஆக்கச் சொல்லோடு கூறுமாறு விதிக்கின்றது. நிலம் வலிது என்பது இயற்கை. மண் குடமாயிற்று என்பது செயற்கை. களவியலார் கூறும் இயற்கைப் புணர்ச்சியும் ஊழ்வயத்தால் தானே நிகழ்வது; காட்டில் நிகழ்வதால் அப்பெயர் பெற்றதன்று. (வடமொழிப் ‘பிரகிருதி’ தத்துவ நூலில் உலகின் மூலமாய், இலக்கணத்தில் சொல்லின் பகுதியாய் நிற்றலும் ஈண்டு நினைக்கத்தக்கது.)

பின்பு, மலையையும் மரத்தையும் பழம்புலவர் எப்பெயராற் சுட்டினர்? நிலமும் பொழுதும் அவர்க்கு முதற்பொருள். மரம், புள், விலங்கு ஆகியன கருப்பொருள். ஆனால் தெய்வமும் உணவும் பறையும் யாழும் தொழிலும் அக்கருப்பொருளிலேயே அடங்குகின்றன. மனிதன் செய்த யாழையும் தானே வளர்ந்த வேங்கையையும் ஒரே வரிசையில் வைத்த இலக்கணத்தை, அவ்விரண்டையும் வேறு பிரிக்கும் ஆங்கிலச் சொல்லால் அளத்தல் எங்ஙனம் பொருந்தும்? தனிநாயக அடிகளின் ஆங்கில நூல் முதலில் நேச்சர் என்னும் சொல்லைத் தன் பெயரிற் கொண்டிருந்து, 1966 இல் நிலக்காட்சியும் கவிதையும் எனப் பொருள்படும் பெயரோடு வெளிவந்தது. திணைநெறியை அடிகள் நன்கு விளக்கியே சென்றார். அவர் நூலின் பழைய பெயரை மட்டும் கைக்கொண்டு விளக்கத்தைக் கைவிட்டோரிடத்தே குறை உளது.

குறிஞ்சிப்பாட்டில் இக்குறை தெளிவாகப் புலப்படும். கபிலர் அதில் அடுக்கும் 99 பூக்களை எடுத்துக்காட்டாத இயற்கை வருணனைக் கட்டுரை அரிது. அப்பூக்களை அடுக்குபவள் யார் என்பது அக்கட்டுரைகளிற் பெரும்பாலும் வருவதில்லை. அவள் தோழி. தலைவியின் களவைச் செவிலிக்கு வெளிப்படுத்தி அறத்தொடு நிற்க வந்தவள். தினைப்புனம் காத்ததும், அருவியாடியதும், பூப்பறித்துப் பாறையிற் குவித்ததும் கூறிய பின்னரே நாய்கள் வளைத்ததையும் தலைவன் தோன்றியதையும் அவள் கூறுகின்றாள். சினமுறக்கூடிய செவிலியின்முன், அன்றைய பொழுது எவ்வளவு குற்றமற்றதாய்க் கழிந்தது என்பதைப் பூப்பூவாக எண்ணிக்காட்டி, சொல்லவேண்டிய ஒன்றைச் சிறிது தாழ்த்துகின்றாள். அவள் வாயினின்று பிரித்தெடுத்த பூக்கள் வெறும் தாவரப் பட்டியலே.